முழங்காலும் ஓய்வும்: ஒரு பழைய வழக்கு

சென்ற ஆண்டு ஆவணி மாதத்தில் என் தமக்கையாருக்கு வலது முழங்கால் மூட்டை மாற்றும் ரணசிகிச்சை நடந்தது. காலையில் நடந்த அச்சிகிச்சையின் பொருட்டு முதுகில் செலுத்திய ஊசியின் மரமரப்புத் தெளிந்து, கால்விரல்கள் தம் வசத்துக்கு வந்து, ஒரு வாய் காபி கேட்கும் நிலையை அவர் அடைந்த அன்று மாலையே, வயது இருபத்தைந்துகூட நிரம்பியிராத ஒரு பிசியோதெரபிப் பெண் வாக்கரைக் கொண்டுவந்து கட்டிலோரத்தில் வைத்து, “பாட்டி, மெதுவா எழுந்து நிக்கலாம், வாங்க” என்று அழைத்தாள். “இன்னிக்கேவா கண்ணு? தையல்கூடக் காயலையே” என்று என் தமக்கையார் கேட்டார். காயம்பட்ட அங்கத்தை அசைக்கலாகாது என்று எத்தனையோ தலைமுறையாக மனிதர் கொண்டிருந்த நம்பிக்கை அவர் வாயிலாக அன்று பேசிற்று. அந்தப் பெண் சிரித்துக்கொண்டே கையை நீட்டினாள். எழுபத்தொரு வயதுக்காரர் எழுந்தார், நான்கடி நடந்தார், திரும்பி வந்து உட்கார்ந்தார்.

அந்த நம்பிக்கை அறியாமையில் விளைந்தது என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தலைசிறந்த வைத்திய அறிஞர்களே அதனை ஒரு சித்தாந்தமாக நிலைநாட்டினார்கள். அதனை அசைப்பதற்கு ஏறக்குறைய நூறாண்டு பிடித்தது. அசைத்தவர்களில் பலர் பட்டம் பெறாதவர்களாகவும், பெண்களாகவும், சாஸ்திர சபைகளில் இடமளிக்கப்படாதவர்களாகவும் இருந்தார்கள். என் தமக்கையார் அன்று மாலை நடந்த நான்கடிக்குப் பின்னால் அவர்கள் எல்லோரும் இருக்கிறார்கள் என்பதனால்தான் இந்தச் சரித்திரத்தை எழுத முற்பட்டேன்.

லண்டன் கைஸ் மருத்துவமனையின் ரணவைத்தியராக இருந்த ஜான் ஹில்டன், 1860 முதல் 1862 வரையில் ராயல் ரணவைத்தியர் கல்லூரியில் நிகழ்த்திய சொற்பொழிவுகளை 1863-இல் நூலாக வெளியிட்டார். காயமும் வீக்கமும் ஆறுவதற்கு இயற்கை தேடிக்கொள்ளும் முதல் மருந்து ஓய்வே என்பதும், வலி என்பது அந்த ஓய்வை நாடி உடல் விடுக்கும் கட்டளையே என்பதும் அவர் அதில் நிறுவ முயன்ற கருத்துக்கள். அந்த நூல் பல தலைமுறை மாணவர்களுக்கு வேதமாக விளங்கிற்று. லிவர்ப்பூல் நகரத்து ஹியூ ஓவன் தாமஸோ அக்கருத்தை அதன் எல்லைவரை கொண்டுசென்றார். நோயுற்ற மூட்டுக்குக் கொடுக்கும் ஓய்வு கட்டாயமானதாகவும், இடையறாததாகவும், நீண்டதாகவும் இருக்கவேண்டும் என்பது அவருடைய உபதேசம். அதற்காகவே இரும்பைத் தம் கையால் வளைத்துத் தோல் சுற்றிய சட்டங்களைச் செய்தார். அவர் பெயரால் இன்றைக்கும் வழங்கும் தாமஸ் சட்டம் அவற்றில் ஒன்று. நெல்சன் தெருவில் இருந்த தம் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஏழைகளுக்கு இலவசமாக வைத்தியம் பார்த்த அந்த மனிதரை நான் மிகுந்த மரியாதையுடன் நினைக்கிறேன். அவர் காலத்தில் முழங்காலை அழித்த நோய் பெரும்பாலும் எலும்புருக்கி. அந்தக் கிருமியைக் கொல்லும் மருந்து அப்போது பிறக்கவில்லை. அசையாமல் கிடத்துவதொன்றே கைவசம் இருந்த உபாயம். ஒரு நோயில் உண்மையாக இருந்ததை எல்லா முழங்கால்களுக்கும் சட்டமாக்கிக்கொண்டது பின்வந்தவர்களின் பிழை.

ஆனால் தாமஸின் குலவரலாற்றைப் பார்த்தால் வியப்பு மிகும். பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் கப்பல் உடைந்து வேல்ஸ் தேசத்து ஆங்கிள்ஸி தீவின் கரையில் ஒதுங்கிய ஒரு சிறுவனிடமிருந்து அக்குடும்பத்துக்கு எலும்பு கட்டும் கைத்திறம் வந்தது என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லிவந்த செய்தி. நம் பக்கத்தில் புத்தூர்க்கட்டுக்காரர்கள் எப்படியோ, அப்படி அந்தத் தீவில் அவர்கள். ஹியூவின் தந்தையார் இவான் தாமஸ் பட்டமில்லாமலே லிவர்ப்பூலில் புகழ்பெற்று விளங்கினார். பட்டம் பெற்ற வைத்தியர்கள் அவர்மேல் ஓயாமல் வழக்குத் தொடுத்ததனால் மனம் நொந்து, தம் ஐந்து புதல்வர்களையும் வைத்தியக் கல்விக்கு அனுப்பினார். கட்டுக்காரர் வீட்டுப் பிள்ளை டாக்டராகத் திரும்பி வந்து, சில காலம் தந்தையோடு தொழில் நடத்தி, பிறகு பிரிந்தார். எலும்பு கட்டுவோர் மரபில் மூட்டைப் பிடித்து மடக்கித் திருப்பும் வித்தையும் உண்டு; அம்மரபில் பிறந்த ஹியூ ஓய்வின் பெரும் ஆசாரியராக ஆனார்.

அந்த வித்தை என்ன என்பதை வைத்திய உலகம் அறிந்துகொண்டது வேறொரு வழியில். லண்டனில் ரிச்சர்டு ஹட்டன் என்ற எலும்பு கட்டுபவர் இருந்தார். அவர் நோயுற்றபோது பீட்டர் ஹூட் என்ற டாக்டர் பணம் வாங்காமல் சிகிச்சை செய்தார். அந்த நன்றிக்குக் கைம்மாறாகத் தம் தொழில் இரகசியங்களைக் கற்பிக்க ஹட்டன் முன்வர, டாக்டரின் புதல்வர் வார்ட்டன் ஹூட் அருகிலிருந்து கற்றுக்கொண்டு 1871-இல் அவற்றை அச்சேற்றினார். மாதக்கணக்கில் கட்டுப்போட்டு ஓய்வு கொடுத்த முழங்கால் மடங்காமல் விறைத்துப்போய், டாக்டர்கள் கைவிட்ட பிறகு, நோயாளி ஹட்டனிடம் வருவார். அவர் வலிக்கும் புள்ளியைக் கட்டைவிரலால் கண்டு அழுத்திக்கொண்டு, மற்றொரு கையால் காலைச் சட்டென்று மடக்குவார். உள்ளே ஏதோ அறுபடும் ஓசை கேட்கும். நோயாளி நடந்து வீட்டுக்குப் போவார். எலும்பு விலகியிருந்தது, அதை ஏற்றிவிட்டேன் என்பது ஹட்டனின் விளக்கம். அறுபட்டது ஓய்வின்போது மூட்டுக்குள் இழை இழையாகப் பின்னி இறுகிப்போயிருந்த தசைநார்ப்பற்று என்பது ஹூட் கண்ட உண்மை. இதற்கு 4 ஆண்டுகளுக்கு முன்பே, 1867-இல், ஜேம்ஸ் பேஜட் என்ற பெருவைத்தியர், எலும்பு கட்டுவோர் குணப்படுத்தும் நோய்கள் எவை என்றே ஒரு சொற்பொழிவு நிகழ்த்தி, அவர்களை இகழ்வதை விட்டு அவர்களிடம் நல்லதைக் கற்குமாறு தம் இனத்தாரை எச்சரித்திருந்தார். எச்சரிக்கையைக் கேட்டவர் சிலரே.

பாரிஸ் நகரத்தில் லூகா-ஷாம்பியோனியே என்ற ரணவைத்தியர் எலும்பு முறிவுகளையே நீவுதலாலும் மென்மையான அசைவாலும் ஆற்றலாம் என்று வாதித்து 1895-இல் நூல் எழுதினார். ஸ்டாக்ஹோமில் லிங் என்பவர் 1813-இலேயே தேகப்பயிற்சிக்கென்று ஒரு ராஜாங்கக் கலாசாலையைத் தொடங்கியிருந்தார். அதே நகரில் 1865-இல் சாண்டர், பற்சக்கரமும் நெம்புகோலும் பூட்டிய யந்திரங்களால் நோயாளிகளின் கைகால்களை அசைக்கும் நிலையத்தை நிறுவினார். இவற்றையெல்லாம்விட என் மனத்தைத் தொடுவது 1894-இல் லண்டனில் நடந்தது. நீவுதல் தொழில் என்ற பெயரின் மறைவில் விபசாரம் நடப்பதாகப் பத்திரிகைகளில் பெரும் கூச்சல் எழுந்தபோது, நர்ஸ் தொழிலில் இருந்த நான்கு பெண்மணிகள், தாம் கற்ற கைத்தொழிலின் மானத்தைக் காப்பதற்காகப் பயிற்சிபெற்ற நீவுநர்களின் சங்கம் ஒன்றை அமைத்துப் பரீட்சையும் ஒழுங்கும் வகுத்தார்கள். அச்சங்கம் 1920-இல் ராஜ சாசனம் பெற்றது. 1944-இல் பிசியோதெரபி என்ற பெயரைத் தன் பெயரில் ஏற்றது. என் தமக்கையாருக்குக் கைநீட்டிய பெண்ணின் தொழிற்குலத்துக்கு அந்நால்வரும் பாட்டிமார்.

இதற்கிடையே மூட்டையே மாற்றிவிடலாம் என்ற துணிவும் பிறந்திருந்தது. 1890-ஆம் ஆண்டு மே மாதம் பெர்லினில் தெமிஸ்டோக்லெஸ் குளுக் என்ற ரணவைத்தியர், எலும்புருக்கியால் முழங்கால் அழிந்த 17 வயதுப் பெண்ணுக்கு யானைத் தந்தத்தில் கதவுக்கீல்போலக் கடைந்த மூட்டைப் பொருத்தினார். முதலில் கால் அசைந்தது. காலக்கிரமத்தில் அந்த வகைச் சிகிச்சைகள் சீழ்கட்டித் தோல்வியுற்றன. நோய்க்கிருமி குடியிருந்த இடத்தில் அந்நியப் பொருள் நிலைக்குமா? அவருடைய கற்பனை காலத்துக்கு அறுபதாண்டு முந்தியது. 1950-களில் ஸ்வீடனில் வால்டியஸும் இங்கிலாந்தில் ஷியர்ஸும் மறுபடியும் கீல் மூட்டுக்களைச் செய்தார்கள். மனித முழங்கால் கதவைப்போல ஒரே அச்சில் திரும்புவதன்று. மடங்கும்போது அது உருளும், வழுக்கும், சற்றே சுழலவும் செய்யும். ஆதலால் கீல்கள் தளர்ந்தன. இடுப்பு மூட்டில் ஜான் சார்ன்லி அடைந்த வெற்றியை அருகிலிருந்து கற்ற கனடாக்காரர் ஃபிராங்க் கன்ஸ்டன், 1968-இல் கீலை விட்டொழித்து, உலோகத் தகடுகள் பிளாஸ்டிக் தடத்தில் உருளும் முழங்காலை அமைத்தார். 1974-இல் நியூயார்க் நகரில் இன்சால், இந்தியாவில் பிறந்த சித்தரஞ்சன் ராணாவத், பொறியியலாளர் வாக்கர் ஆகியோர் சேர்ந்து வகுத்த மூட்டே இன்று உலகெங்கும் பொருத்தப்படுபவற்றின் மூதாதை.

மூட்டு தயாராயிற்று, அதை அசைக்கும் துணிவு அதற்குள் எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி யுத்தத்திலிருந்து வந்தது. இரண்டாவது உலக யுத்தத்தின்போது சிகாகோவின் ராணுவ மருத்துவமனை ஒன்றில், முழங்காலில் அடிபட்ட சிப்பாய்கள் மாதக்கணக்கில் இலேசான பயிற்சியே செய்துகொண்டு தேறாமல் கிடந்தார்கள். அங்கே இருந்த தாமஸ் டிலோர்ம் என்ற இளம் டாக்டர், சிறுவயதில் வாதக்காய்ச்சலால் நலிந்து, பின்பு எடை தூக்கித் தேகத்தை வளர்த்துக்கொண்டவர். நலிந்த தொடைத்தசைக்கும் படிப்படியாகக் கனத்தை ஏற்றினால் என்ன என்று எண்ணி, காலில் இரும்புச் செருப்பைக் கட்டி அதில் எடையைத் தொங்கவிட்டுத் தூக்கச் செய்தார். 1945-இல் பலனை வெளியிட்டார். முழங்காலின் உயிர் தொடையின் முன்புறத்துத் தசையில் இருக்கிறது என்பதை அவர்போல் உறைக்கச் சொன்னவர் அதற்குமுன் இல்லை. 1947-இல் லண்டனில் ரிச்சர்டு ஆஷர் என்ற டாக்டர், படுக்கையே எத்தனை நோய்களின் தாய் என்பதை அங்கம் அங்கமாக விவரித்து ஒரு கட்டுரை எழுதினார்: இரத்தம் காலின் இரத்தக்குழாய்களில் உறையும், எலும்பு கரையும், மலம் இறுகும், மனம் தளரும். அசையாத காலின் இரத்தக்குழாயில் உறைந்த இரத்தம் பெயர்ந்து நுரையீரலை அடைந்தால் உயிருக்கே ஆபத்து. மூட்டு மாற்றியவர்களை இன்றைக்கு முதல் மணி நேரத்திலிருந்தே கணுக்காலை மேலும் கீழும் ஆட்டச் சொல்வது இதனால்தான்.

அந்த யுத்தகாலத்திலேயே அமெரிக்க விமானப்படையில் நோயாளிகளைப் படுக்கையிலிருந்து எழுப்பிப் பயிற்சி தந்த ஹோவர்டு ரஸ்க், பின்பு நியூயார்க்கில் ஒரு மறுவாழ்வு நிலையம் நடத்தினார். 1954-இல் நேர்ந்த விபத்தால் இடுப்புக்குக்கீழ் உணர்விழந்தும், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ரணசிகிச்சை செய்த டாக்டர் மேரி வர்கீஸ், அந்நிலையத்தில் பயின்று திரும்பி, 1960-களில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் மறுவாழ்வுத் துறையை நடத்தினார். முழங்கால் மாற்றும் சிகிச்சை இந்நாட்டில் பரவுவதற்கு வெகுநாள் முன்பே, எழுந்து நடப்பதும் வைத்தியத்தின் பகுதியே என்னும் உணர்ச்சியைத் தமிழ் மண்ணில் ஊன்றியவர்களில் அவர் தலையாயவர்.

ஆனாலும் 1970-களில் புதிய மூட்டைப் பொருத்திய கை, பழைய பயத்தை விடவில்லை. பஞ்சை அடுக்கடுக்காகச் சுற்றிய தடித்த கட்டுக்குள் கால் பல நாட்கள் நீட்டியபடியே கிடக்கும். அந்தக் கட்டுக்கு ராபர்ட் ஜோன்ஸ் கட்டு என்று பெயர். ராபர்ட் ஜோன்ஸ் யார்? நெல்சன் தெருவில் ஹியூ ஓவன் தாமஸிடம் தொழில் கற்ற, அவர் மனைவியின் உறவுப்பிள்ளை. கட்டு அவிழ்த்த பிறகு கால் போதுமான அளவு மடங்கவில்லையென்றால் நோயாளியை மயக்கத்தில் ஆழ்த்திக் காலைப் பிடித்து மடக்குவார்கள். அப்போது உள்ளே பற்றுகள் அறுபடும் ஓசையைக் கேட்டவர்களில் எத்தனை பேர் ரிச்சர்டு ஹட்டனை நினைத்திருப்பார்களோ!

ஓய்வின் ஆட்சியை ஆராய்ச்சிக் கூடத்திலேயே எதிர்த்து நின்றவர் டொராண்டோவில் குழந்தைகள் மருத்துவமனையைச் சேர்ந்த ராபர்ட் சால்ட்டர். மூட்டின் வழவழப்பான குருத்தெலும்புக்கு இரத்தக்குழாய் கிடையாது. மூட்டு அசையும்போது ஊறிப்பரவும் நீரே அதற்கு ஆகாரம். அப்படியானால் அசையாத மூட்டு பட்டினி கிடக்கிறது என்றுதானே பொருள்? 1970-இல் முயல்களின் முழங்கால் குருத்தெலும்பில் சிறு துளைகளை இட்டு, சிலவற்றைக் கட்டுப்போட்டு அசையாமல் வைத்தார். சிலவற்றைக் கூண்டில் இஷ்டம்போல் விட்டார். சிலவற்றின் காலை ஒரு யந்திரத்தில் பூட்டி, இரவும் பகலும் மெல்ல மடக்கி நீட்டச் செய்தார். யந்திரத்தில் அசைந்தவையே சிறப்பாக ஆறின. 1978-இல் அவ்வகை யந்திரம் மனிதர்களுக்கு வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் ஸான் டியேகோவில் கூட்ஸ் என்பவர் அதை முழங்கால் மாற்றியவர்களுக்குப் பயன்படுத்தலானார். கட்டிலின்மேல் வைத்த தொட்டிலில் கால் தானாக மடங்கி நீளும் அக்காட்சியை 1990-களில் நம் நகரங்களின் மருத்துவமனைகளில் கண்டவர்கள் பலர்.

பிற்பாடு பல நாடுகளில் செய்த சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அந்த யந்திரத்தால் முழங்கால் மடங்கும் அளவில் கிட்டிய லாபம் ஏறக்குறைய 2 பாகையே என்று தெரிந்தது. மெல்ல மெல்ல அது வழக்கொழிந்துவருகிறது. சால்ட்டரின் கருத்து பிழைபட்டது என்று நான் நினைக்கவில்லை. அவர் காக்க விரும்பியது குருத்தெலும்பை. மாற்றிய மூட்டிலோ கோபால்ட் குரோமியமும் பாலிஎத்திலீனும் இருக்கின்றன, அவற்றுக்கு ஆகாரம் வேண்டியதில்லை. அங்கே உயிருள்ளதாக எஞ்சியிருப்பது சுற்றியுள்ள உறையும் தசையும். யந்திரம் காலை மடக்கும்போது தசை சும்மா இருக்கிறது.

தசையின் கதையே இதில் விசித்திரமான பகுதி. முழங்காலுக்குள் 20 அல்லது 30 மில்லிலிட்டர் உப்புநீரை ஏற்றினாலே தொடையின் உட்புறத் தசை இயக்கத்தில் குன்றிவிடுகிறது என்பதை 1980-களில் சோதித்துக் கண்டார்கள். வலியே இல்லாதபோதும் இது நடக்கிறது. வீக்கத்தை உணர்ந்த நரம்பு, முதுகுத்தண்டின் வழியே தசையை அடக்கி வைக்கிறது. ஹில்டன் சொன்ன ஓய்வை உடல் தானே விதித்துக்கொள்கிறது என்றுகூடச் சொல்லலாம். அதன் விளைவு என்னவென்றால், முழங்கால் மாற்றிய ஒரு மாதத்தில் தொடைத்தசை தன் வலிமையில் பாதிக்கும் மேலாக இழக்கிறது. “காலைத் தூக்குங்க பாட்டி” என்று அந்தப் பெண் சொன்னபோது, “தூக்கணும்னு நினைக்கிறேன், கால்தான் கேக்க மாட்டேங்குது” என்று என் தமக்கையார் சொன்னாரே, அது அப்பட்டமான உண்மை. ஆகையால்தான் படுத்தபடியே முழங்காலைக் கீழே அழுத்தித் தொடையை இறுக்கு, ஐந்து எண்ணு, விடு என்று நாளுக்குப் பலமுறை அந்தத் தசையைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

கடைசித் திருப்பம் கோபன்ஹேகனில் நிகழ்ந்தது. ஹென்ரிக் கேலெட் என்ற ரணவைத்தியர் 1990-களில் குடல் சிகிச்சையில் தொடங்கிக் கேட்டுவந்த கேள்வி ஒன்று உண்டு: இந்த நோயாளி இன்றைக்கும் ஏன் மருத்துவமனையில் இருக்கிறார்? முழங்கால், இடுப்பு நோயாளிகளிடம் அக்கேள்வியைக் கேட்டபோது கிடைத்த விடைகள் வலி, தலைசுற்றல், பலவீனம் என்பவை. அந்தத் தடைகளை ஒவ்வொன்றாக நீக்கினால் எழுந்து நடக்கலாம் அல்லவா? தொடைநரம்பை மரக்கச் செய்யும் ஊசி வலியைப் போக்கிற்று, ஆனால் தசையையும் மரக்கச் செய்ததனால் எழுந்தவர்கள் விழுந்தார்கள். தசையை விட்டு உணர்ச்சியை மட்டும் மரக்கச் செய்யும் இடத்தைத் தொடையின் நடுப்பகுதியில் கண்டார்கள். சிட்னியில் கெர், கோஹன் என்ற இருவர் மூட்டைச் சுற்றியே மருந்தை ஊற்றி ஊறவைக்கும் முறையை 2008-இல் எழுதினார்கள். டென்மார்க் தேசத்தில் இத்தகைய நோயாளிகள் மருத்துவமனையில் தங்கிய காலம் 2000-இல் 10, 11 நாளாக இருந்தது. 2009-இல் ஏறக்குறைய 4 நாளாயிற்று.

என் தமக்கையாரும் நான்காம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டார். வந்தவுடன் எங்கள் மருமகள் அன்பினால் செய்த காரியம், வலித்த முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணையை வைத்தது. மறுநாள் வந்த பிசியோதெரபிப் பெண் அதை உருவி எடுத்துக் குதிகாலுக்கு அடியில் வைத்தாள். முழங்கால் சற்றே மடங்கிய நிலையில்தான் சுகம் காணும். அந்தச் சுகத்திலேயே சில வாரம் கிடந்தால் முழுதும் நீளும் சக்தியை இழந்துவிடும். நீளாத கால் நொண்டும். மடக்கும் கணக்கு வேறு: சமதளத்தில் நடக்க 65, 70 பாகை போதும், படி இறங்க 90 வேண்டும், நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழ அதற்கும் சற்று மேல். மேல்நாட்டில் மூட்டை வகுத்தவர்கள் நாற்காலியை மனத்தில் வைத்து வகுத்தார்கள். தரையில் குந்தவோ, சப்பணமிட்டு உட்காரவோ 130 பாகையும் அதற்கு மேலும் வேண்டியிருக்க, மணையில் அமர்ந்து சாப்பிட்டே பழகிய என் தமக்கையார், “இனிமே சப்பணம் போட முடியுமாடா?” என்று என்னைத்தான் கேட்டார், டாக்டரைக் கேட்கவில்லை. அதிகமாக மடங்கும் மூட்டுக்களை இப்போது செய்கிறார்கள் என்றாலும், தரையில் உட்கார வேண்டாம் என்றே அவருக்குச் சொல்லியிருந்தார்கள். நான் பதில் சொல்லவில்லை.

மூன்றாம் வாரத்தில் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டு மடக்குகையில் அவர் கண்ணில் நீர் வரும். வலி மாத்திரையைப் பயிற்சிக்கு அரைமணி முன்னதாகவே போட்டுக்கொள்ளும்படி அந்தப் பெண் பழக்கியிருந்தாள். “ஏறுறப்ப நல்ல கால் முன்னாடி, இறங்குறப்ப ஆபரேஷன் பண்ணின கால் முன்னாடி” என்பது அவள் கற்றுத்தந்த படிப்பாடம். நல்ல கால் உடம்பை மேலே தூக்கவும், கீழே இறக்கிவிடவும் பொறுப்பேற்கும் என்பது அதன் நியாயம். எங்கள் வீட்டு வாசலில் மூன்று படிகள். 36-ஆம் நாள் காலையில், பால்காரர் மணியடித்த சத்தம் கேட்டு, யாரையும் கூப்பிடாமல், கம்பை ஊன்றிக்கொண்டு, வலது காலை முன்வைத்து அவர் அந்த மூன்று படிகளையும் இறங்கிப் பாலை வாங்கினார். ஏறும்போது மட்டும் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.